பின்னோக்கி வந்தால் முன்னோக்கிப் போகலாம்

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்த பின் வரும் அந்தக் கால்மணி நேரத்தை எந்தப் பங்கிலும் நின்று பார்க்கலாம். ஆலய வாசற்படியில் பெரியவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக் கொண்டிருப்பார்கள். பிள்ளைகளோ, அவிழ்த்து விட்ட கன்றுகளைப் போல முற்றமெங்கும் துள்ளித் திரிவார்கள். சுவரைப் பார்த்து முகம் வைத்து நிறுத்தியிருந்த கார்கள் அப்பொழுதுதான் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். பின்புறத்து வெள்ளை விளக்கு எரியும். பிள்ளைகள் ஓடியாடும் அதே முற்றத்திற்குள் வண்டி பின்னோக்கி நகர்ந்து வரும்.

இக்காட்சி நமக்குப் பழகிப் போயிற்று. பழகிப் போனதனாலேயே அதில் மறைந்துள்ள அபாயம் நம் கண்ணுக்குப் படுவதில்லை. காரைப் பின்னோக்கிச் செலுத்தி, குறித்த இடத்தில் நேராகக் கொண்டு நிறுத்துவது சிறு வித்தைதான். ஆயினும் அந்தச் சிறு வித்தையை எப்பொழுது செய்கிறோம் என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கக் கூடும். அதைப் பற்றி நம் குடும்பங்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

முதிய மாணாக்கர்

நாம் வாழ்வது நரிக்குடிப் பக்கம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கே வருவோர்க்கு இந்த வறண்ட சீமையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் மிளகாயும் பருத்தியும் சீமைக்கருவேலமும். ஒரு காலத்தில் ஊர்த் தெருக்களில் மாட்டு வண்டிகளே ஓடின. பின்னர் டிராக்டர் வந்தது. விறகும் கரிமூட்டையும் ஏற்றும் லாரிகள் வந்தன. இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் வாசலிலும் ஒரு கார் நிற்கிறது. ஆனால் தெருவின் அகலம் மட்டும் மாட்டு வண்டிக் காலத்து அகலமாகவே இருக்கிறது!

வெளியூரில் வேலை பார்க்கும் நம் மகன், தான் ஓட்டிப் பழகிய பழைய மாருதி 800 வண்டியை நம்மிடம் விட்டுச் சென்றபோது நமக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. இல்லத்தரசியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒவ்வொரு முறையும் வாடகை வண்டியைத் தேட வேண்டாமே என்று ஓட்டக் கற்கத் துணிந்தோம். கற்றுத் தந்தவர் நீண்ட காலம் லாரி ஓட்டிய ஓர் அண்டை வீட்டார். நம்மைவிட வயதில் இளையவர். நம்மை "ஐயா" என்றே அழைப்பார். முன்னோக்கி ஓட்டுவது இரண்டு வாரத்தில் ஒருவாறு கைவந்தது. பின்னோக்கிச் செலுத்துவதுதான் நம் கர்வத்தை முற்றிலும் ஒழித்தது.

முதல் நாளிலேயே வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை உடைத்தோம். தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, வண்டி பின்னாலே போகுது. நீங்க முன்னாலே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே!" என்றார். பின்னோக்கி ஓட்டும் பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திற்குள் அடங்கிவிட்டது.

வால் எந்தப் பக்கம் போகும்?

மாட்டு வண்டியைப் பின்னே தள்ள வேண்டுமாயின், நுகத்தடியில் கைகொடுத்து மாடுகளை மெல்லப் பின்வாங்கச் செய்வார்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவார். டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரின் குணம் வேறு. பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லர் இடப்புறம் போகும். நம் ஊர் இளைஞர்கள் இதை வெகு இலாவகமாகச் செய்வதைக் காணலாம்.

கார் இவ்விரண்டையும் போன்றதன்று. பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பினால் வண்டியின் வால் இடப்புறமே போகும். வலப்புறம் திருப்பினால் வலப்புறமே போகும். இதில் குழப்பமே இல்லை. புதியவரைக் குழப்புவது வால் அன்று, தலை! வால் இடப்புறம் திரும்பும்போது வண்டியின் மூக்கு வலப்புறமாகப் பெரிதாக வீசிச் செல்லும். நாம் பின்னே பார்த்துக் கொண்டிருக்கையில், முன்மூலை பக்கத்து வண்டியைத் தேய்த்துவிடும்.

இதற்குக் காரணம் எளியது. காரில் திசை மாறுவன முன்சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரங்கள் எப்பொழுதும் வண்டியின் உடலோடு நேராகவே உருளும். முன்சக்கரங்கள் இரண்டும் வளைவில் தத்தமக்கு உரிய வெவ்வேறு கோணத்தில் திரும்பும் அமைப்பை, 1817-ஆம் ஆண்டில் மியூனிக் நகரின் குதிரை வண்டித் தச்சரான லாங்கென்ஸ்பெர்கர் கண்டறிந்தார். மறு ஆண்டு லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆக்கர்மானின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மோட்டார் வண்டி பிறக்கும் முன்பே குதிரை வண்டிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். குறுகிய இடத்திற்குள் முன்னோக்கி நுழைந்தால், திரும்பாத பின்சக்கரங்கள் வளைவை உட்புறமாக வெட்டிக் கொண்டு வரும். பக்கத்து வண்டியையோ தூணையோ உரசும். பின்னோக்கி நுழைந்தாலோ திரும்பாத சக்கரங்கள் முதலில் உள்ளே போய்விடுகின்றன. திரும்பும் சக்கரங்கள் வெளியே விசாலமான பக்கத்தில் இருந்து கொண்டு வண்டியை நேராக்குகின்றன. ஆகவே ஒடுங்கிய இடத்தில் பின்னோக்கி நுழைவதே உண்மையில் எளிது. கடினம் போலத் தோன்றுவது நம் கழுத்துக்கும் பழக்கத்துக்கும்தான்.

பொட்டலில் நட்ட நான்கு கம்புகள்

ஊருக்கு வெளியே ஆளரவமற்ற ஒரு பொட்டலில் நமக்குப் பயிற்சி நடந்தது. நான்கு சீமைக்கருவேலங் கம்புகளை நட்டு, உச்சியில் பழந்துணியைக் கட்டினோம். கார் நிறுத்துமிடத்திற்கு நம் நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு, 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும். நம் சிறிய வண்டியின் அகலம் ஏறக்குறைய 1.44 மீட்டர். எனவே இரு பக்கமும் அரை மீட்டர் போல மிச்சம் இருக்கும். கதவைத் திறந்து இறங்குவதற்கு அது தேவை.

நமக்குச் சொல்லித் தரப்பட்ட முறை இதுதான். நிறுத்த வேண்டிய இடம் நமக்கு இடப்புறம் இருப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, இடத்தின் முன்னால் மெல்ல ஊர்ந்து சென்று, அதனுள்ளே கல், குழி, ஆள், ஆடு ஏதும் உண்டா என்று கண்ணாரக் காண வேண்டும். ஐயம் இருந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இடத்தைக் கடந்து செல்லும்போதே மூக்கைச் சற்று வலப்புறம் திருப்பி நிறுத்த வேண்டும். அப்பொழுது வால் தானாகவே இடத்தை நோக்கும். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. இடத்தை ஒட்டிச் செல்லாமல் ஒரு மீட்டருக்குக் குறையாத விலகலோடு செல்வது நல்லது.

மூன்றாவது, பின் கியரைப் போட்டபின், கிளச்சுப் பலகையைப் பாதியளவு விட்டு, மனிதர் நடக்கும் வேகத்தினும் குறைவாக வண்டியை ஊரவிட வேண்டும். இங்கே வேகத்தைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும்.

நான்காவது, இடப்புறக் கண்ணாடியில் அருகிலுள்ள மூலைக் கம்பைப் பார்த்துக் கொண்டே இடப்புறம் திருப்ப வேண்டும். பின்சக்கரம் அந்தக் கம்பைத் தொடாமல், அதே வேளையில் வெகுதூரம் விலகிவிடாமல் கடக்க வேண்டும். இடையிடையே வலப்புற முன்மூலையையும் பார்க்க வேண்டும். அதுதான் வீசிச் செல்லும் மூலை.

ஐந்தாவது, நேராக நிற்பதன் இரகசியம். இரு பக்கக் கண்ணாடிகளிலும் கம்புகளுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி சமமாகத் தெரியத் தொடங்கும் தறுவாயிலேயே, அதாவது வண்டி முற்றிலும் நேராவதற்குச் சற்று முன்னரே, ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கத் தொடங்க வேண்டும். நேரான பின்பு திருப்பலாம் என்று காத்திருந்தால் வால் மறுபுறம் கோணிவிடும். புதியவர் எல்லாரும் செய்யும் பிழை இதுவே.

நாமும் இதே பிழையைச் செய்தோம். ஒரே மாலையில் ஏழெட்டுக் கோணல்கள்! ஒவ்வொரு முறையும் கோணிய வண்டியைப் பின்னோக்கியே நேராக்க முயன்று மேலும் கோணலாக்கினோம். அப்பொழுது அவர் சொன்னார்: "ஐயா, தப்பாப் போச்சுன்னா முன்னாலே போயிட்டு மறுபடி வாங்க. அதிலே ஒண்ணும் மானம் போயிடாது." அன்றிலிருந்து முன்னே சென்று மீண்டும் வந்தோம். கம்புகள் சாயாமல் நின்றன.

சட்டமும் இதைக் கேட்கிறது

பின்னோக்கிச் செலுத்துதல் விரும்பினால் கற்கலாம் என்று விடப்பட்ட பாடமன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், உரிமம் பெறுவதற்கான தேர்விலேயே இதைச் சேர்த்துள்ளன. கார் ஓட்டும் ஒருவர், வலமோ இடமோ உள்ள ஒரு குறுகிய திறப்பிற்குள் வண்டியைப் பின்னோக்கி, கட்டுப்பாட்டோடும் போதிய துல்லியத்தோடும் செலுத்திக் காட்ட வேண்டும் என்பது விதி. பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழிந்த பின்னரே அத்தேர்வுக்குப் போகலாம். அந்த முப்பது நாளில் எத்தனை பேர் பின்னோக்கி ஓட்டப் பழகுகிறோம் என்று நம் நெஞ்சையே கேட்டுக் கொள்வோமாக.

அதே 1989-இல் வந்த சாலை ஒழுங்கு விதிகள் இன்னொன்றையும் கூறின. பிறருக்கு ஆபத்தோ தகாத இடையூறோ நேராது என்று ஓட்டுபவர் முதலில் உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்பதே அது. முதலில் உறுதி, பிறகுதான் இயக்கம். இந்த வரிசை மாறிய ஒரு நாளை நாம் மறக்க முடியாது.

பந்து உருண்ட நாள்

கோடை விடுமுறைக்கு உறவினர் வந்திருந்த நேரம். நம் வீட்டு வாசலில் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. ஏறினோம், கண்ணாடியைப் பார்த்தோம், பின்னே யாருமில்லை. கியரைப் போட்டோம். கிளச்சை விடத் தொடங்கிய நொடியில் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு மூதாட்டி, "ஐயையோ, பிள்ளை! பிள்ளை!" என்று அலறினார்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடிப் பார்த்தோம். பின்சக்கரத்திற்கு ஒரு முழ தூரத்தில், வண்டிக்கு அடியில் உருண்டு போன பந்தை எடுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தாள் மூன்று வயதுப் பேத்தி. நம்மைப் பார்த்து, "தாத்தா, பந்து" என்றாள்.

நாம் கண்ணாடியைப் பார்க்காமல் இல்லை. மூன்று கண்ணாடிகளையும் பார்த்தோம். அவற்றில் எதிலும் அவள் தெரியவில்லை, தெரியவும் இயலாது. பின்கண்ணாடியின் கீழ்விளிம்புக்குக் கீழே, வண்டியை ஒட்டி இருக்கும் தரை எந்த ஓட்டுநருக்கும் தெரியாத தரை. நின்றிருக்கும் சிறு குழந்தையே அதில் மறைந்துவிடும். குனிந்து உட்கார்ந்த குழந்தையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஒரு தந்தையின் துயரம், ஒரு நாட்டின் சட்டம்

எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்வீட்டு மூதாட்டி கிடைப்பதில்லை. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இரண்டு வயதுக் கேமரன் என்னும் குழந்தை, தன் தந்தையே பின்னோக்கிச் செலுத்திய வண்டியில் சிக்கி இறந்தது. அந்தத் தந்தை ஒரு குழந்தை மருத்துவர். பின்னே பார்க்கும் வசதி இல்லாத வண்டிகளைப் பற்றி அவரும் அவரைப் போன்ற பெற்றோரும் இடைவிடாது குரல் எழுப்பினர். 2008-இல் அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் பயனாக, 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று.

அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் மாண்டனர். 15,000 பேர் காயமுற்றனர். மாண்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 26 பேர் எழுபதும் அதற்கு மேலும் ஆன முதியோர். அதாவது பாதிக்கு மேற்பட்டோர் வீட்டின் இரு முனைகளில் இருப்பவர்கள்: பேரப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிமாரும்.

நம் நாட்டிலும் 2022 மார்ச்சு மாதத்தில், சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்திற்குள்ளேயே பின்னோக்கி வந்த வேனில் சிக்கி ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதே ஆண்டில் தமிழக அரசு விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களில் கேமராவும் பின்புற உணர்கருவியும் பொருத்தப்பட வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 2019 ஜூலை முதல் நாள் தொடங்கி, இந்தியாவில் தயாராகும் புதிய கார்களுக்குப் பின்புற உணர்கருவி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. தடையை நெருங்க நெருங்க விரைந்து ஒலிக்கும் கருவி அது.

கருவிகள் நல்லவை; வரவேற்கத்தக்கவை. ஆனால் நம் பேத்தி குனிந்திருந்த வாசலில் நின்ற பழைய வண்டியில் அக்கருவி இல்லை. நம் ஊர்ப்பக்கம் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றிலும் இல்லை. இருக்கும் வண்டியிலும் கேமராவின் கண்மேல் புழுதி படிந்தால் அது குருடு. மெலிந்த கம்பையும் தரையோடு தரையாகக் கிடப்பதையும் உணர்கருவி தவறவிடக் கூடும். இறங்கி ஒரு சுற்று நடந்து பார்க்கும் கால்களுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

எப்பொழுது பின்னோக்குவது?

இப்பொழுது நாம் தொடங்கிய இடத்திற்கே வருகிறோம். நிறுத்தும் கார் ஒவ்வொன்றும் ஒருமுறை பின்னோக்கித்தான் ஆக வேண்டும்: வரும்போது அல்லது போகும்போது. எது நல்லது?

வரும்போது, நிறுத்தும் இடத்தை ஒரு நொடிக்கு முன்புதான் நேரே பார்த்தபடி கடந்து வந்திருக்கிறோம். அதனுள் யாருமில்லை என்பது நமக்குத் தெரியும். போகும்போதோ வண்டி ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. அதன் நிழலில் யார் வந்து அமர்ந்தார், எந்தப் பந்து உருண்டது, எந்த ஆட்டுக்குட்டி படுத்தது என்று நமக்குத் தெரியாது. மேலும், வரும்போது முற்றத்தில் கூட்டம் குறைவு. போகும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கிறோம். ஆகவே வரும்போதே பின்னோக்கி நிறுத்திவிட்டால், போகும்போது முகம் நேரே நோக்க, கண்ணெதிரே பிள்ளைகளைப் பார்த்தபடி வெளியேறலாம். இரண்டு நிமிட வேலையை முன்னதாகவே முடித்து வைப்பதுதான் வேறுபாடு.

இதற்காக நம் குடும்பங்கள் சில வழக்கங்களைக் கைக்கொள்ளலாம்.

வண்டியில் ஏறுமுன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவோம். அடியிலும் குனிந்து பார்ப்போம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், "பிள்ளை யார் கையில்?" என்று கேட்டு, பதில் வந்த பின்னரே வண்டியைக் கிளப்புவோம். பின்னே நின்று "வரலாம், வரலாம்" என்று வழிகாட்டுபவர், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். நேர் பின்னே நிற்கலாகாது. அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டியும் நிற்க வேண்டும். நின்றிருக்கும் வண்டியைச் சுற்றி ஒளிந்து விளையாடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். ஆனால் அவர்கள் அதை மறப்பார்கள் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் பணிவோடு சொல்ல விரும்புகிறோம். நம் வண்டிகளில் நடுக்கண்ணாடியில் செபமாலை தொங்குவது வழக்கம். பக்தியின் அடையாளம் அது. ஆயினும் அது ஆடிக்கொண்டே இருந்தால் கண்ணை இழுக்கும், பார்வையையும் மறைக்கும். அதைக் கையெட்டும் இடத்தில் ஒரு சிறு பையில் பத்திரமாக வைத்துக் கொள்வோம். மந்திரித்த வண்டிக்கும் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் அன்றோ?

கண்ணாடி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் கார் ஓட்டுவதில் புகழ்பெற்ற டாரத்தி லெவிட் என்னும் பெண்மணி, 1909-இல் தாம் எழுதிய நூலில், பெண்கள் சிறிய கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பின்னே பார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். கார்களில் பின்பார்வைக் கண்ணாடி வழக்கத்திற்கு வருமுன்னரே அவர் அதன் தேவையை உணர்ந்திருந்தார்.

நம் பங்குகளில் இளைஞர்கள் திருவிழாக் காலத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் பணியை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். வரும் ஒவ்வொரு காரையும் பின்னோக்கி நிறுத்தச் செய்வதையும் அவர்கள் தம் பணியில் சேர்த்துக் கொள்ளலாம். சுண்ணாம்புக் கோடு கிழிக்க ஒரு வாளி சுண்ணாம்பு போதும். புதிதாக ஓட்டுபவர் கோணலாக நிறுத்தினால் யாரும் சிரிக்க வேண்டாம். சிரிப்புக்கு அஞ்சியே பலர் மூக்கை முன்னே நுழைத்துவிட்டுப் போகிறார்கள்.

நம் வீட்டு வாசலில் இப்பொழுது வண்டி தெருவைப் பார்த்து நிற்கிறது. உடைந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பூசச் சொல்லி வீட்டில் பலமுறை கேட்டாயிற்று. நாம் பூசவில்லை, அது அப்படியே இருக்கட்டும். விடுமுறைக்கு வரும் பேத்தி இன்றும் அதன் அருகில்தான் பந்து விளையாடுகிறாள். சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், முதலில் அவள் எங்கே என்று பார்க்கிறோம். பிறகு வண்டியைச் சுற்றி வருகிறோம். அதன் பின்னரே கதவைத் திறக்கிறோம்.